சாவடிக்குப் பக்கத்தில் ஒரு மறுப்பு

சாவடி என்றால் வழிப்போக்கர்கள் தங்கும் இடம். பூந்தமல்லி பக்கம் கரையான்சாவடி, குமணன்சாவடி என்று ஊர்ப்பெயரிலேயே உபசாரம்தான்! அதே மேற்குப் புறநகரில் நடந்ததைக் கேளுங்கள்.

2020 ஏப்ரல் 13. கொரோனாவுக்குப் பலியான நெல்லூர் டாக்டர் ஒருவரின் உடலை அம்பத்தூர் மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். எதிர்ப்பு கிளம்ப, ஆம்புலன்ஸ் திரும்பிப் போனது! ஆறே நாளில் நரம்பியல் அறுவை நிபுணர் சைமன் ஹெர்குலிஸ் மறைந்தார். அண்ணாநகர் வேலங்காட்டில் அடக்கம் செய்யப் போனால் கல்லும் கட்டையும் பறந்தன. சடலத்தோடு தப்பி ஓட வேண்டியதாயிற்று. சக டாக்டர் ஒருவர் என்ன செய்தார் தெரியுமா? தானே ஆம்புலன்ஸை ஓட்டி வந்து, இரண்டு ஆஸ்பத்திரி ஊழியர்களோடு, போலீஸ் காவலில், மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்.

இந்திய மருத்துவச் சங்கம் மெழுகுவர்த்திப் போராட்டம் அறிவித்தது. ஏப்ரல் 22-ல் மத்திய அரசின் அவசரச் சட்டம் வந்தது: மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 7 ஆண்டு வரை சிறை. 26-ல் தமிழக அரசின் சட்டம்: அடக்கத்தைத் தடுத்தால் 3 ஆண்டு வரை.

சரி, சட்டம் வந்தது. ஆனால், முறைப்படி பொதிந்து புதைத்த உடலிலிருந்து நோய் பரவாது என்பது டாக்டர்களுக்கு முன்பே தெரியும். உங்கள் தெருவுக்கு வந்து அதை யார் சொன்னார்கள்?