மிஞ்சிய வெங்காயம்

பாலைநிலத்தில் மன்னாவை உண்டு சலித்த இஸ்ரயேல் மக்கள், எகிப்தில் தாங்கள் உண்ட மீனையும் வெள்ளரியையும் வெங்காயத்தையும் நினைத்து அழுததாக எண்ணிக்கை நூலின் 11ஆம் அதிகாரம் கூறுகிறது. சாட்டையடியை மறந்தவர்கள் வெங்காயத்தை மறக்கவில்லை! இப்பகுதி வரும்போதெல்லாம் மறையுரையில் நாம் அவர்களைக் கடிந்துகொண்டதுண்டு. வெங்காயம் விளையும் ஊரொன்றில் பங்குப்பணி ஏற்ற பின்னரே அக்கடுமை சற்றுத் தணிந்தது.

எகிப்தில் வெங்காயத்துக்கு இருந்த மதிப்பு பெரிது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பெரிய பிரமிடைக் கட்டிய வேலையாட்களுக்கு முள்ளங்கியும் வெங்காயமும் பூண்டும் வாங்கவே 1600 தாலந்து வெள்ளி செலவாயிற்று என எழுதினார். மொழிபெயர்ப்பாளன் வாசித்துச் சொன்னதைக் கேட்டு எழுதியது, முழுதும் நம்பவேண்டியதில்லை. ஆனால் நான்காம் இராம்சேஸ் மன்னனின் பதப்படுத்தப்பட்ட உடலில், கண்குழிகளில் வெங்காயம் வைக்கப்பட்டிருந்தது உண்மை. இவற்றையெல்லாம் வரலாறு குறித்து வைத்தது. அறுவடையில் குவிந்ததை அடுத்த விளைச்சல்வரை அழுகாமல் காத்த கைகளைப் பற்றி நாம் படித்த நூல்கள் பேசவில்லை.

இக்காலத்திலும் அப்படித்தான். 1998இல் வெங்காய விலை ஏறியது. டில்லி சட்டமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இன்றுவரை பேசுகின்றனர். தட்டுப்பாடு வரலாறாகிறது. மிகுதியோ வீட்டுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது.

அந்த மிகுதியை நாம் நேரில் கண்டோம். பங்கு இல்லத்தின் கொல்லையில் சில பாத்திகளில் சின்ன வெங்காயம் ஊன்றியிருந்தோம். சமையலுக்கு எடுத்ததுபோக நிரம்ப மிஞ்சியது. சாக்கில் கட்டி, பூட்டிய அறையில் பத்திரமாக வைத்தோம். இரண்டு வாரங்களில் இல்லமெங்கும் துர்நாற்றம். பங்கு மக்களுள் மூதாட்டி ஒருவர் வந்து சாக்கைப் பிரித்தார். “சாமி, மூச்சு முட்டிச் செத்துப்போச்சு” என்றார். இறையியல் கற்ற நமக்கு, பிடுங்கிய வெங்காயமும் உயிருள்ளது, மூச்சுவிடுவது என்பதை அந்த அம்மாவே கற்பிக்க வேண்டியிருந்தது.

அவ்வுயிரின் மூச்சுக்கு இடங்கொடுப்பதே பட்டறை. பெரம்பலூர், திண்டுக்கல் வட்டாரங்களில் இதைக் காணலாம். மண் ஈரம் ஏறாதபடி கல்லும் கழியும் பரப்பி, அதன்மேல் மூங்கில் தட்டியிட்டு, பக்கங்களையும் தட்டியாலேயே அடைத்து, மேலே தென்னங்கீற்று வேய்வர். காற்று கீழே புகுந்து குவியலின் ஊடே ஏறி வெளியேறும். அதற்குமுன் வெங்காயத்தை நிழலில் உலர்த்துவர். கழுத்து காய்ந்து மூடிக்கொண்டால் அழுகலுக்கு வழி அடைபடும். 10 முதல் 20 பாகை வரையிலான குளிர்ச்சியில் விரைந்து முளைவிடும் வெங்காயம், 25 முதல் 30 பாகை வெப்பத்தில் உறங்கிக் கிடக்கும் என்கிறது இன்றைய அறிவியல். நம் நாட்டு வெப்பம் அதற்குப் பகையன்று, காவல், பகை ஈரமே.

முற்றாததும் பிளந்ததும் பட்டறைக்கு ஆகா. அவை வடகமாகும். சித்திரை வெயிலில், உரலில் இடித்த வெங்காயத்துடன் உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், பூண்டு, மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து உருட்டிப் பாயில் காயவைப்பர். மாலையில் அள்ளி, மறுநாள் மீண்டும் பிசைந்து காயவைப்பர். பல நாள்கள் இவ்வாறு செய்தபின் விளக்கெண்ணெய் தடவிச் சாடியில் அடைப்பர். வெங்காயத்தின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் நீர்தான். அது போய் மணம் மட்டும் தங்கும். ஆண்டு முழுதும் தாளிப்புக்கு ஆகும். வடவம் என்றும் வழங்கும் இப்பண்டம், 1954வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் வழியே அவர்கள் சமையலிலும் புகுந்து, ‘வடுவான்’ எனப் பெயர் திரிந்தது. இன்று மேனாட்டு உணவகங்களில் அது விலையுயர்ந்த மசாலா. வெயிலில் காக்கை விரட்டியபடி அதைக் காயவைத்தவளின் பெயர் மட்டும் கப்பலேறவில்லை.

பட்டறையில் ஒரு மூலை, உண்பதற்கும் அன்று, விற்பதற்கும் அன்று. சின்ன வெங்காயத்தைப் பெரும்பாலும் கிழங்காகவே ஊன்றுவர். காத்துவைத்ததே அடுத்த பயிர். ஓராண்டு விலை ஏறியபோது, எம் பங்கில் பல வீட்டார் அந்த விதை மூலையையும் திறந்து விற்றுவிட்டனர். கடன் அழுத்தும்போது யாரைக் குறைகூறுவது? நாமும் வாய்திறக்கவில்லை. முன்சொன்ன மூதாட்டி மட்டும், மகன்கள் எவ்வளவு வற்புறுத்தியும் தம் பட்டறைத் தட்டியை அவிழ்க்க விடவில்லை. “விக்கிறது ஒரு நாள் சோறு, சாமி” என்றார்.

நடவு வந்தது. விற்றவர்கள் விதைக்காக அலைந்தனர். சந்தையில் விலை இன்னும் ஏறியிருந்தது. நான்கு வீட்டாருக்கு அந்த அம்மா தம் விதையைப் பகிர்ந்து அளந்து கொடுத்தார், பணத்துக்கு அன்று, அறுவடையில் அதே அளவு திருப்பித் தருவதாகப் பேச்சு. ஏறத்தாழ 70 நாள்களில் வெங்காயம் வந்தது. மூவர் அளந்து தந்தனர். நான்காமவர் இன்னும் தரவில்லை என்று, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம்மிடம் வந்து முறையிட்டுக்கொண்டே இருந்தார் அந்த அம்மா.