கண்டி மாநகரும் ஊரவர் கூட்டுழைப்பும்

ஊரைத் திருத்தும் வேலை யாருடையது என்னும் வினா எல்லா நகரங்களுக்கும் உரியதேயெனினும், கண்டி நகரத்தார்க்கு அது கண்ணெதிரே கிடக்கும் வினாவாகும். தலதா மாளிகையின் அருகே பரந்து கிடக்கும் வாவியைக் கண்டு மகிழாதார் இலர். அவ்வாவி, மன்னன் ஆணைக்கு அமைந்து குடிகள் கூலியின்றி உழைத்து ஆக்கியது. அதன் கரையைச் சூழ்ந்து செல்லும் தெரு, மாநகர சபையின் தொழிலாளர் கூலி பெற்றுக் கூட்டித் துப்புரவு செய்வது. விடுமுறை நாட்களில் அயலவர் மண்வெட்டியும் கூடையுமாகத் திரண்டு தம் ஒழுங்கைகளைச் செப்பனிடுவதோ சிரமதானம். ஒரே மண்ணில் மூவகை உழைப்பு. இவற்றுள் மூன்றாவது முதலாவதின் வழிவந்தது என்பார் உளர். அக்கூற்று எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இராசகாரியம் என்றதும் அடிமைமுறை என்று மாணவர் பலர் விடைத்தாளில் எழுதிவிடுவர். அது முழு உண்மையன்று. நிலத்தை அனுபவித்தவன் அந்நிலத்துக்கு ஈடாக அரசனுக்கும் கோயிலுக்கும் ஊருக்கும் குறிப்பிட்ட தொழிலைச் செய்தான். குளக்கட்டைக் காப்பதும் வாய்க்காலைத் தூர்வாருவதும் அவற்றுள் அடங்கும். தான் திருத்திய வாய்க்காலின் நீர் தன் வயலுக்கே பாய்ந்தமையால், அவ்வுழைப்பிற் கடமையும் நன்மையும் ஒன்றுபட்டிருந்தன. தமிழகத்துக் குடிமராமத்தும் இத்தகையதே. இரண்டும் பிரிந்தபோதே கேடு தொடங்கிற்று. ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் 1807 ஆம் ஆண்டளவில் வயல்வெளியை மறித்து வாவியை அமைக்கத் தொடங்கி, 1812 அளவில் நிறைவேற்றினான். அதன் நீர் உழவனுக்குப் பயன்படுவதன்று. அரண்மனையின் அழகுக்கே ஆனது. குடிகளும் பிரதானிகளும் மன்னன்மீது கொண்ட வெறுப்புக்கு இவ்வேலையும் ஒரு காரணம் என்பர். 1815 இல் இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டபோது மன்னனுக்காகப் போர்க்கோலம் பூண்டோர் மிகச் சிலரே.

ஆங்கிலேயர் இம்முறையை ஒழித்தனர் என்று நூல்கள் புகழும். ஒழிப்பதற்கு முன் அதனை நன்கு பயன்படுத்திக் கொண்டனர் என்பதையும் உடன்கூறுதல் வேண்டும். சேர் எட்வேட் பாண்ஸ் தேசாதிபதியின் காலத்தில் கொழும்பிலிருந்து கடுகண்ணாவைக் கணவாய் வழியாகக் கண்டிக்கு இட்ட பெருந்தெரு இராசகாரிய உழைப்பினாலேயே எழுந்தது. கோல்புறூக் விசாரணையின் பயனாக 1832 இல் அது நீங்கிற்று. ஆயின் பதினாறு ஆண்டுகள் கழிந்ததும், தோறிங்டன் பிரபுவின் ஆட்சியில், 18 முதல் 55 வயது வரையுள்ள ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 6 நாள் தெருவேலை செய்தல் வேண்டும், அன்றேல் 3 சிலிங் இறுத்தல் வேண்டும் என்று 1848 இன் தெருச்சட்டம் விதித்தது. பௌத்த துறவிகளுக்குங்கூட அச்சட்டம் முதலில் விலக்களிக்கவில்லை! மாத்தளையிலும் கண்டியைச் சூழ்ந்த ஊர்களிலும் அவ்வாண்டு மூண்ட கிளர்ச்சிக்கு ஏனைய வரிகளோடு இச்சட்டமும் தூண்டுகோலாயிற்று. புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். சென்னை மாகாணத்திலும் 1858 ஆம் ஆண்டுச் சட்டம் குடிமராமத்துக்கு வராதோரைத் தண்டிக்க வழிசெய்தது. வழக்கமாய் இருந்ததைச் சட்டமாக்கித் தண்டமும் சேர்த்தவிடத்து, மக்கள் அதனைத் தமது வேலையென்று கருதுவதை விட்டனர்.

நிற்க, 1865 ஆம் ஆண்டின் சட்டத்தாற் கொழும்பும் கண்டியும் மாநகர சபைகளைப் பெற்றன. வீட்டுக்காரன் வரி கொடுத்தான். சபை தெருவைக் கூட்டுவித்தது. கூட்டியவர் யாவர்? பெரும்பாலும் தென்னிந்தியாவினின்றும் வந்த தமிழ்த் தொழிலாளர். அவர்தம் வழித்தோன்றல்கள் மகியாவையில் நெருக்கமான வரிசை வீடுகளில் இன்றும் வாழ்கின்றனர். நகரத்தைத் தூய்மை செய்தோரின் குடியிருப்பே நீண்ட காலம் போதிய மலசலகூடமும் வடிகாலும் இன்றிக் கிடந்தமை எத்துணை முரண்பாடு! அதன்மேலும், 1948 இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் இந்திய வமிசாவளித் தமிழருட் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. வாக்கில்லாதவனின் வடிகாலை எந்த உறுப்பினர் தேடி வருவார்?

சிரமதானம் என்னும் சொல் பரவலாக வழங்கலானது 1958 ஆம் ஆண்டின் பின்னரேயாம். அவ்வாண்டிற் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்தின தம் மாணவரை அழைத்துச் சென்று, குருநாகல் மாவட்டத்துக் கனத்தொழுவை என்னும் ஒதுக்கப்பட்ட மக்களின் ஊரில் உழைப்பு முகாம் நடத்தினார். காந்தியடிகளின் சர்வோதயமும், வினோபா பாவே 1951 இல் தொடங்கிய பூதானமும் இதற்கு வழிகாட்டின. தாழ்த்தப்பட்டோர் ஊருக்குச் சென்று உழைத்ததே இதன் சிறப்பு. தெரு போட்டது இரண்டாவது என்பது எனது கருத்து.

கிராமத்துக்கு ஏற்ற இம்முறை நகரத்தில் எளிதிற் பொருந்துவதன்று. கிராமத்திற் பாதை வெட்டுவோனே அதில் நடப்பான். நகரத்திலோ வாடகைக்கு இருப்பவன் கான் வெட்ட, வளவுக்காரன் வாடகையை உயர்த்துவான். நிலத்தில் உரிமை உறுதியாகாதவிடத்து உழைப்பும் உறுதியாகாது. இவ்வுண்மையை உணர்ந்தே 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் நகரக் குடிசைவாழ் மக்களுக்குக் காணியுரிமை வழங்குவதையும், குடியிருப்புத் தோறும் சமுதாய அபிவிருத்திச் சபைகள் அமைப்பதையும் இணைத்து நடத்திற்று. கிணறு, கான், நடைபாதை முதலிய சிறு வேலைகளை வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடாது, குறித்த மதிப்பீட்டுத் தொகைக்கு அச்சபைகளிடமே கொடுத்தனர். கூலி அயலவர்க்குச் சென்றது. மிகுதி சபையின் நிதியிற் சேர்ந்தது. வேலையின் தரத்தைக் கண்காணித்தவரும் நாடோறும் அந்தக் கானைத் தாண்டிச் செல்பவரே. தூய சிரமதானம் அன்று என்று இதனைக் குறைகூறுவோர், நாட்கூலியை நம்பி வாழ்பவன் ஒரு நாளை இலவசமாகக் கொடுப்பதன் விலையை அறியாதவர்.

அயலவர் உழைப்பால் ஆகாதனவும் உள. வாவியின் மிகைநீரைக் கொண்டு நகரின் நடுவே ஓடி மகாவலி கங்கையிற் சேர்வது மெத எல. அதிற் கிடக்கும் போத்தல்களையும் பைகளையும் நூறுபேர் ஒரு காலைப்பொழுதில் அகற்றிவிடலாம். வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் இறங்கும் கழிவுநீரை ஆயிரம்பேர் கூடினும் தடுத்தல் இயலாது. அதற்கு 2010 இல் யப்பானிய அரசு வழங்கிய கடனும், நிலத்தடிக் குழாய்களும், கன்னொறுவையில் ஒரு சுத்திகரிப்பு நிலையமும் வேண்டியிருந்தன. ஆகவே மக்கள் தாமே செய்துகொள்வர் என்று சபை கைகழுவுமாயின், சிரமதானம் என்னும் பெயரில் 6 நாள் வேலையே திரும்பி வந்ததாகும். டெங்குக் காய்ச்சல் நாடெங்கும் 1,86,000 பேரைப் பற்றிய 2017 இல் இவ்விரு பொறுப்புகளும் தெளிவாகப் பிரிந்து தோன்றின. சிரட்டையையும் பூச்சாடியையும் கவிழ்ப்பது வீட்டாரால் ஆவது. குப்பையை நாள் தவறாது ஏற்றுவது சபையால் ஆவது.

மகியாவைத் தொழிலாளருக்கும் இக்கணக்கு ஒன்றே. குடியுரிமை பற்றிய 1988 ஆம், 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின்னரே நாடற்றவராய் எஞ்சியிருந்த இந்திய வமிசாவளித் தமிழர் வாக்காளர் இடாப்பில் இடம்பெற வழி திறந்தது. கானை வெட்ட மண்வெட்டி அவர்களிடம் எந்நாளும் இருந்தது; அந்தக் கான் சென்று சேரவேண்டிய பெருங்குழாயைக் கேட்டுப் பெறும் வாக்கு அதன் பின்னரே அவர்கள் எல்லோர்க்கும் உரியதாயிற்று.