திருகுமூடிச் சிமிழும் பால்மரமும்



குங்குமம் வைக்கும் சிறு மரப் பேழையைத் தமிழில் சிமிழ் என்பர். செப்பு என்றும் சொல்வர். மரக்கட்டையைச் சுழலவிட்டு, உளி பிடித்து, இத்தகைய உருண்டை வடிவங்களை ஆக்கும் தொழிலுக்குக் கடைசல் என்று பெயர். அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான்களும் கர்நாடகத்துச் சென்னபட்டணப் பொம்மைகளும் கடைசலில் பிறந்தவையே. பள்ளி விடுமுறை நாள்களில் நானும் ஒரு சிறிய கடைசல் இயந்திரத்தில் இத்தொழிலைப் பழகி வருகின்றேன். புட்டியின் மூடியைப் போலத் திருகி மூடும் மரச்சிமிழ் ஒன்றைச் செய்ய விரும்பி அதன் வரலாற்றைத் தேடினேன். அத்தேடல் இங்கிலாந்து, அமெரிக்கா, சுவீடன் என்று சுற்றி, முடிவில் நம் தோட்டப்புறத்தின் வாசலுக்கே வந்து சேர்ந்தது. அதனை இங்குப் பகிர்கின்றேன்.

மரை என்னும் சிக்கல்

திருகின் மேல் சுற்றிச் செல்லும் வரம்பைப் பட்டறையில் மரை என்பர். அறிவியல் பாடநூல் அதனைப் புரி என்கிறது. ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு நகரும் தொலைவு புரியிடைத் தூரம் எனப்படும்.

மரத்தில் மரை வெட்டுவது பழைய கலை. கி.பி. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோன், பழச்சாறும் எண்ணெயும் பிழியும் திருகு அழுத்திகளைப் பற்றி எழுதியுள்ளார். மரத்துளையின் உட்புறத்தில் மரை வெட்டும் கருவியையும் அவர் விளக்கியுள்ளார். அந்த அழுத்திகளின் மரைகள் பருமனானவை. ஆதலால் உறுதியான எந்த மரமும் அவற்றைத் தாங்கியது.

உள்ளங்கையில் அடங்கும் சிமிழின் நிலை வேறு. அதற்கு ஓர் அங்குலத்துக்கு 16 புரிகள் தேவைப்படலாம். அதாவது, புரியிடைத் தூரம் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர். சிமிழில் மரத்தின் நார் பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஓடும். அந்த நாரின் குறுக்கே மரை வெட்டும்போது, ஒவ்வொரு வரம்பிலும் எஞ்சுவது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைந்த நார்த்துண்டுகளே. மென்மரமாயின் அவை உளி பட்டதும் உதிர்ந்துவிடும்.

அரிய மரங்களின் காலம்

ஐரோப்பியக் கடைசல்காரர்கள் இச்சிக்கலுக்குக் கண்ட விடை எளியது: நல்ல மரமாகத் தேர்ந்தெடு. மெல்ல வளர்ந்து, நெருக்கமான நாருடன் தந்தம் போல் வழவழக்கும் பாக்ஸ்வுட் மரமே அவர்களின் முதல் தேர்வு. 19ஆம் நூற்றாண்டில் மருந்துப் புட்டிகளையும் பயண மைக்கூடுகளையும் பாதுகாக்க, திருகு மூடியுள்ள பாக்ஸ்வுட் உறைகள் செய்யப்பட்டன. செல்வர்களுக்குரிய பொருள்களில் ஆப்பிரிக்கக் கருமரமும் யானைத் தந்தமும் இடம்பெற்றன.

இத்தொழிலுக்கு இலண்டனில் புகழ் தந்த குடும்பம் ஹோல்ட்சாப்பெல் குடும்பம். ஸ்ட்ராஸ்பர்க் நகரிலிருந்து 1792இல் இலண்டனுக்கு வந்த ஜான் ஜேக்கப் ஹோல்ட்சாப்பெல், கடைசல் இயந்திரங்கள் செய்து விற்றார். அவருடைய மகனும் பேரனும் கடைசல் கலையை ஐந்து தொகுதிகளாக எழுதினர். முதல் தொகுதி 1843இலும் ஐந்தாம் தொகுதி 1884இலும் வெளிவந்தன.

அதே இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லி, 1800ஆம் ஆண்டையொட்டி, உலோகத்தில் துல்லியமாக மரை வெட்டும் இயந்திரத்தை உருவாக்கியிருந்தார். ஆயினும் பட்டறைக்குப் பட்டறை மரையின் அளவு வேறுபட்டது. ஜோசப் விட்வொர்த் 1841இல் பொது அளவு ஒன்றை முன்மொழிந்த பிறகே திருகுகளுக்கு ஒழுங்கு பிறந்தது.

மரச்சிமிழில் மட்டும் கையே அளவுகோலாக நீடித்தது. சீப்பைப் போலப் பற்கள் கொண்ட உளியைச் சுழலும் மரத்தில் வைத்து, சுழற்சிக்கு ஏற்ற வேகத்தில் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். மரம் நிமிடத்துக்கு 300 முறை சுழன்றால், நொடிக்கு 5 சுற்று. எனவே கை நொடிக்கு 8 மில்லிமீட்டர் நகர வேண்டும். சிமிழின் மரை நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் கைக்குக் கிடைப்பது ஒரே ஒரு நொடி!

தேர்ந்த பொருள்களுக்கும் ஒரு முடிவு வந்தது. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடுக்கும் முடிவு 1989இல் எடுக்கப்பட்டு 1990இல் நடப்புக்கு வந்தது. ஆப்பிரிக்கக் கருமரம் அடங்கிய தால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

மரத்துக்குள் இருக்கும் காற்று

இங்கே அறிவியலாசிரியர்கள் விரும்பும் ஒரு கணக்கைச் சொல்கின்றேன். மரம் என்பது நுண்ணறைகளின் கூட்டம். அந்த அறைகளின் சுவர்ப்பொருள் எந்த மரமாயினும் ஏறத்தாழ ஒரே அடர்த்தியுடையது. ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம். பாக்ஸ்வுட்டின் அடர்த்தி சுமார் 0.95. ஆகவே, அதன் கன அளவில் 63 விழுக்காடு சுவர், மீதி வெற்றறை. அடர்த்தி 0.6 உள்ள மரத்தில் சுவர் 40 விழுக்காடு மட்டுமே. 60 விழுக்காடு காற்று.

உயர்ந்த மரம், தாழ்ந்த மரம் என்று நாம் பிரிப்பதில் பெரும்பங்கு இந்தக் காற்றைப் பொறுத்ததே. அப்படியானால் அக்காற்றை வெளியேற்றி வேறொன்றை நிரப்பினால் என்ன? திருகுச் சிமிழின் வரலாறு திசை மாறும் இடம் இது.

நிரப்பும் கலை

நம் நாட்டார் அறிந்த பழைய பிசின் அரக்கு. சென்னபட்டணத்துக் கைவினைஞர் வெட்பாலை மரத்தைக் கடைந்து, அது சுழலும்போதே வண்ண அரக்கை அதன்மேல் அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படியும். அழகு பெருகும், ஆனால் அரக்கு மேற்பரப்போடு நின்றுவிடும்.

மரத்தின் உள்ளே புகும் வழியை இரயில் பாதை தேடித் தந்தது. தண்டவாளக் கட்டைகள் மண்ணில் உளுத்துப் போவதைத் தடுக்க, ஜான் பெத்தல் என்னும் ஆங்கிலேயர் 1838இல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். கட்டைகளை இரும்புத் தொட்டியில் அடைத்துக் காற்றை உறிஞ்சியெடுத்து, பின்னர் தாரெண்ணெயை அழுத்தத்துடன் செலுத்துவதே அம்முறை.

லியோ பேக்லண்ட் 1907இல் பேக்கலைட் என்னும் செயற்கைப் பிசினை உருவாக்கினார். அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வுக்கூடத்தில் ஆல்ஃபிரட் ஸ்டாம், ரேமண்ட் சிபோர்க் ஆகியோர் அவ்வகைப் பிசினை மரத்துக்குள் ஊட்டினர். அவ்வாறு ஊட்டி இறுக்கி அழுத்திய மரம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானச் சுழல்விசிறிகளுக்கும் உதவியது. 1960களில் மெத்தாக்ரிலேட் வகைப் பிசினை மரத்தில் ஊட்டிக் கதிர்வீச்சால் இறுகச் செய்யும் ஆய்வுகள் நடந்தன.

இதே காலத்தில் சுவீடனில் மற்றோர் அரிய பணி நடந்தது. 1628இல் மூழ்கிய வாசா என்னும் போர்க்கப்பல் 1961இல் கடலிலிருந்து தூக்கப்பட்டது. நீரில் ஊறிய மரம் உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். எனவே, நீரில் கரையும் மெழுகு போன்ற ஒரு பொருளை 1962 முதல் 1979 வரை அதன்மேல் தெளித்துக்கொண்டே இருந்தனர். மரத்தில் நீர் இருந்த இடத்தை அப்பொருள் நிரப்பியது. பதினேழு ஆண்டுப் பொறுமை!

பால்மரத்தின் மறுபிறவி

இனி நம் கதைக்கு வருவோம். ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. அதன்பின் மலாயாவில் காடழித்து எழுந்த தோட்டங்களையும், அங்கே பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டிமாரையும் நீங்கள் அறிவீர்கள். தோட்டப்புறத் தமிழில் மரம் வெட்டுதல் என்றாலே பட்டையைச் சீவிப் பாலெடுப்பதுதான்.

மரத்தையே வீழ்த்தும் நாள் 25, 30 ஆண்டுகள் கழித்து, மறுநடவின்போது வரும். அவ்வாறு வீழ்ந்த மரம் நெடுங்காலம் விறகாகவும் கரியாகவுமே போயிற்று. அதில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுதி. ஆதலால் அறுத்த சில நாள்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலக்கறை படியும். துளைக்கும் வண்டுகள் குடியேறும். பயனற்றது என்னும் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

அந்தப் பெயரை மாற்றியது, பெத்தல் காட்டிய அதே வழி. பலகையை அறுத்த கையோடு தொட்டியில் அடைத்து, காற்றை நீக்கி, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்துடன் செலுத்தி, உலர்சூளையில் காய வைத்தனர். கெப்போங்கில் அமைந்துள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுகளும் இதற்குத் துணைநின்றன. 1980களிலிருந்து இரப்பர் மரத் தளவாடப் பொருள்கள் கப்பலேறலாயின. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி இம்மரத்தாலானதே. அடுப்பில் எரிந்த கட்டை, உலக மாந்தரின் உணவு மேசையானது.

சிமிழ் உருவாகும் முறை

இரப்பர் மரத்தின் அடர்த்தி சுமார் 0.6. மேலே கண்ட கணக்கின்படி, அதில் பாதிக்கு மேல் காற்று. வெறுங்கண்ணுக்கே தெரியும் துளைகளும் உண்டு. அப்படியே மரை வெட்டினால் வரம்புகள் துளைவாயில் உடையும். ஆனால் நீர்மங்களை எளிதில் உள்வாங்குவது அதன் இயல்பு. எனவே என் சிமிழுக்கு இம்மரத்தையே தேர்ந்தேன்.

முதலில் கட்டையை நூறு பாகை செல்சியசுக்குச் சற்று மேலான சூட்டில் ஒரு நாள் முழுதும் வைத்து ஈரத்தைப் போக்க வேண்டும். ஆறியதும் மெத்தாக்ரிலேட் பிசினில் அமிழ்த்தி, வெற்றிடக் கலத்தில் காற்றை உறிஞ்ச வேண்டும். மரத்திலிருந்து குமிழிகள் மணிக்கணக்கில் வெளிவரும். அவை ஓய்ந்தபின் காற்றைத் திறந்துவிட்டால், வளிமண்டல அழுத்தமே பிசினை உள்ளே தள்ளும். நன்கு ஊறிய கட்டையைச் சுமார் 90 பாகை செல்சியசில் சூடேற்றினால் பிசின் இறுகிவிடும்.

பிறகு கடைசல். முதலில் மூடியின் உட்புறத்தில் மரை வெட்டி, அதற்கு இணங்கச் சிமிழின் கழுத்தில் வெளிமரை வெட்ட வேண்டும். திருகி முடிக்கும்போது மூடியின் மரவரியும் உடலின் மரவரியும் ஒன்றாய்ச் சேர வேண்டும். அதற்காகத் தோள்விளிம்பை மயிரிழை மயிரிழையாகச் சீவிப் பார்ப்பது தனிச் சுவை.

ஒன்றை மறவாதீர்கள். இப்பிசின் அறைகளை நிரப்புகிறதே தவிர, அறைச்சுவருக்குள் அவ்வளவாகப் புகுவதில்லை. ஆகவே மழைக்காலத்தில் மரம் சிறிதளவு உப்பவே செய்யும். மரையில் மெல்லிய இடைவெளி விட வேண்டும். பிசின் ஆவியும் மரத்தூளும் மூச்சுக்குக் கேடானவை. வெற்றிடக் கலமும் ஆபத்துடையது. இது மாணவர் கையில் கொடுக்கும் வேலையன்று.

வகுப்பறைக்கு

மாணவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. புட்டி மூடிகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். மரத்துண்டுகளை நிறுத்து, அடர்த்தி கண்டு, உள்ளே எத்தனை விழுக்காடு காற்று என்று கணக்கிடச் சொல்லுங்கள். பால்மரத்தைப் பற்றிப் பாட்டி தாத்தாவிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். கணிதமும் அறிவியலும் வரலாறும் ஒரே சிமிழுக்குள் அடங்கிவிடும்.

பெற்றோர்களே, பயனற்றது என்று ஒதுக்கப்பட்ட மரத்தில் குறை என்னவென்று பொறுமையாக ஆராய்ந்தவர்கள் இருந்தார்கள். அதனால் அது அடுப்பிலிருந்து தப்பியது. ஆயினும் பிசின் மரத்துக்கு வலிமை தருமே ஒழிய மரையை வெட்டித் தராது. அந்த ஒரு நொடிக்குக் கை பழக வேண்டும். பழக்கத்துக்கு நாள்கள் வேண்டும். அந்த நாள்களை நம் பிள்ளைகளுக்கு நாம் தருகின்றோமா என்பதே என் கேள்வி.