குறைந்த செலவுத் தீவனக் கலவை

கோழி, மாடு முதலியவற்றுக்கு வேண்டிய சத்து குறையாமல், மூலப்பொருள்களை எந்த அளவில் கலந்தால் செலவு மிகக் குறையும் என்பதை நேரியல் திட்டமிடல் (linear programming) என்னும் கணித வழியால் காணும் முறை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி மக்காச்சோளம் நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போவதால், இவ்வட்டார விளைச்சல் இக்கணக்கோடு நெருங்கிய தொடர்புடையது.

நேரியல் திட்டமிடலின் தொடக்கத்தை 1939இல் சோவியத் அறிஞர் லியோனித் கண்டரோவிச் எழுதிய நூலில் காண்போர் உளர். 1947இல் அமெரிக்கரான ஜார்ஜ் டான்ட்சிக் இத்தகைய கணக்குகளைத் தீர்க்க வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறையில் காண்போரும் உளர்.

தீவனத்துக்கு முன், மனிதருக்கு வேண்டிய சத்து குறையாத மலிவான உணவுக் கணக்கை 1945இல் வெளியிட்டவர் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர். அதில் 77 உணவுப்பொருள்கள், 9 சத்துகள். கோதுமை மாவு, சுண்டவைத்த பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, உலர்ந்த அவரை ஆகிய ஐந்தைக் கொண்டு, 1939ஆம் ஆண்டு விலையில் ஓராண்டுச் செலவு 39.93 டாலர் என்று ஏறத்தாழக் கணித்தார். 1947இல் இதே கணக்கைக் கொண்டு சிம்ப்ளெக்ஸ் முறையைச் சோதிக்க ஒன்பது எழுத்தர்கள் கையால் இயக்கும் கணக்குப்பொறிகளோடு அமர்ந்தனர். ஏறத்தாழ 120 ஆள்நாள் உழைப்பில் வந்த விடை 39.69 டாலர். ஸ்டிக்லரின் ஊகம் தவறியது 24 சென்ட் மட்டுமே.

உடல் எடையைக் குறைக்க விரும்பிய டான்ட்சிக் 1950களில் தமக்கே இக்கணக்கைப் போட்டார். கணினி முதலில் 500 கேலன் வினிகர் குடிக்கச் சொன்னது. வினிகரை நீக்கியதும், நாளொன்றுக்கு இறைச்சிச் சாற்றுக் கட்டிகள் 200 என்றது. அக்கட்டிகளில் உள்ள உப்புக்கு அவர் மேல்வரம்பு இட்டிருக்கவில்லை. மாறிகளுக்கு, அதாவது கணக்கில் வரும் பொருள்களின் அளவுகளுக்கு, மேல்வரம்பு இடும் வழக்கம் இதிலிருந்தே பிறந்தது என்பது அவர் கூற்று.

1951இல் வேளாண் பொருளியலாளர் பிரெடெரிக் வா கறவைமாட்டுத் தீவனத்துக்கு இக்கணக்கைப் பயன்படுத்தினார். 1984இல் இந்தியக் கணித அறிஞர் நரேந்திர கர்மார்க்கர் பெரிய கணக்குகளுக்கு ஏற்ற வேறொரு வழிமுறையை வெளியிட்டார்.

முட்டைக்கோழித் தீவனத்தில் எரிசக்திக்கு மக்காச்சோளமும் புரதத்துக்குச் சோயா புண்ணாக்கும் முதன்மையானவை. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து கிளிஞ்சலாலோ சுண்ணாம்புக்கல்லாலோ கிடைக்கும். புரதம், எரிசக்தி, சுண்ணாம்புச்சத்து, அமினோ அமிலங்கள் ஆகியவற்றுக்குக் கீழ்வரம்பு. உப்புக்கும் பூஞ்சணம் பிடித்த தானியத்தில் சேரும் அஃப்ளடாக்சின் நச்சுக்கும் மேல்வரம்பு. எந்தத் தவிட்டை எவ்வளவுக்கு மேல் கோழி தாங்காது என்பதைக் கணினி அறியாது; அந்த எண்ணைக் கால்நடை மருத்துவரோ பழகிய பண்ணையாளரோதான் தரவேண்டும். மக்காச்சோளம் ஒரு விலையைத் தாண்டினால் விடை சட்டென மாறி, குருணையோ கம்போ உள்ளே வரும். மூட்டைக்குச் சில ரூபாய் ஏறும் வரை விடை அசையாமலிருப்பதும் உண்டு.

மக்காச்சோள விலையை அசைக்கும் காரணங்களும் உண்டு: 2018இல் படைப்புழு பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மக்காச்சோளத்தைக் கடுமையாகத் தாக்கியது. அண்மை ஆண்டுகளில் எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளம் வாங்குகின்றன.