ஜன்னல் திறந்தா மணி அடிக்கும்

போன மாசம் வீட்டுக் கம்ப்யூட்டர்ல லினக்ஸைப் புதுசா ஏத்தினேன் மக்களே. எல்லாம் பளபளன்னு வந்துச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் செத்துப் போச்சு. எழுதுற ஜன்னலுக்குப் போனா விசைப்பலகை தானா தமிழுக்கு மாறணும், டெர்மினலுக்குப் போனா தானா இங்கிலீஷுக்குத் திரும்பணும். 2004-லேர்ந்து எனக்குப் பழகிப்போன விஷயம் இது. இப்போ டெர்மினல்ல கட்டளை அடிச்சா தமிழெழுத்து வந்து பல்லிளிக்குது.

எங்கே பிசகினோம்னு தோண்டப் போய், 1984 வரைக்கும் போயிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, சுவாரசியமான கதைதான்.

1984 ஜூன் 19. அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்லூரியில் பாப் ஷைஃப்ளர் சக ஆட்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புறார். ஸ்டான்ஃபோர்டில் எழுதின 'டபிள்யூ' என்ற ஜன்னல் நிரலை எடுத்து, மாத்தி எழுதி வேகமாக்கியிருக்கேன், பேரு 'எக்ஸ்' என்று. டபிள்யூவுக்கு அடுத்த எழுத்து எக்ஸ், அவ்வளவுதான் பேர் ராசி. அங்கே 'அதீனா' திட்டத்தில் இருந்த ஜிம் கெட்டிஸும் சேர்ந்துகொள்ள, 1987 செப்டம்பரில் பதினொன்றாம் பதிப்பு வெளிவந்தது. எக்ஸ்11 என்று இன்றைக்கும் சொல்றோமே, அது.

இவங்க எடுத்த ஒரு முடிவுதான் இந்தப் பதிவுக்கே அஸ்திவாரம். படம் வரையறது, விசை தட்டினதைக் கொண்டு சேர்க்கறது, இது மட்டும் எங்க வேலை. ஜன்னல் எங்கே உட்காரணும், தலைப்பட்டை எப்படி இருக்கணும் என்பதெல்லாம் எங்க கவலை இல்லை, அதை வேறொரு நிரல் பார்த்துக்கட்டும்னு விட்டுட்டாங்க. அந்த வேறொரு நிரல்தான் விண்டோ மேனேஜர். அதுவும் கால்குலேட்டர், கடிகாரம் மாதிரி ஒரு சாதாரண நிரல்தான். பிடிக்கலைன்னா நிறுத்திட்டு இன்னொண்ணை ஓட்டலாம். அதே 1984-ல் வந்த மேக்கிண்டாஷில் இது நினைச்சும் பார்க்க முடியாத விஷயம்.

சரி, இது எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் பார்த்துடுவோம். திரை முழுக்க விரிஞ்சிருக்கற 'ரூட்' ஜன்னலை ஒரு தெருன்னு வெச்சுக்குங்க. புது ஜன்னல் ஒண்ணு தெருவுக்குள்ள வருது. அதை நிறுத்தி "நீ இங்க உட்காரு, இவ்வளவு இடம்தான் எடுத்துக்கணும்"னு சொல்ற அதிகாரம் ஒரே ஒரு நிரலுக்குத்தான் உண்டு. எக்ஸ் மொழியில் அதுக்கு 'சப்ஸ்ட்ரக்சர் ரீடைரக்ட்'. ரெண்டாவது ஆள் வந்து கேட்டா 'பேட் ஆக்சஸ்'னு பிழை காட்டித் துரத்திடும். ஏற்கெனவே ஒரு விண்டோ மேனேஜர் ஓடிக்கிட்டிருக்குன்னு திட்டு வாங்கியிருப்பீங்களே, அது இதான். ஆனா வேடிக்கை பார்க்கறதுக்கு? அதுக்கு 'சப்ஸ்ட்ரக்சர் நோட்டிஃபை'. திண்ணையில எத்தனை பேர் வேணும்னாலும் உட்காரலாம். யார் வந்தாங்க, யார் போனாங்க, யார் இடம் மாறினாங்க, எல்லாருக்கும் சேதி வரும். யாரும் யாரையும் அனுமதி கேக்க வேண்டாம்.

அந்தத் திண்ணைதான் விஷயமே.

1987-ல் டாம் லஸ்ட்ரேஞ்ச் எழுதின டிடபிள்யூஎம் ரொம்ப நாள் எக்ஸோடவே வந்துக்கிட்டிருந்தது. அதை மெமரி கம்மியா தின்ன வைக்கணும்னு 1993-ல் வெட்டி ஒட்டினவர் ராபர்ட் நேஷன். பிறந்தது எஃப்விடபிள்யூஎம். (முதல் எழுத்து 'எஃப்' எதைக் குறிக்குதுன்னு அதை எழுதினவங்களுக்கே இன்னிக்கு வரைக்கும் ஒரு முடிவான பதில் கிடையாது!) நேஷன் பண்ணின நல்ல காரியம், எல்லாத்தையும் ஒரே நிரலில் திணிக்காமல் 'மாட்யூல்'னு தனித்தனித் துண்டுகளா பிரிச்சது. துண்டுகளுக்கும் நடு நிரலுக்கும் இடையில் குழாய் வழியா பேச்சுவார்த்தை. எந்த ஜன்னல் திறந்தாலும் மூடினாலும் அந்தக் குழாயில் சேதி வரும்.

அந்தச் சேதியை வெச்சு என்ன பண்ணினாங்க தெரியுமா? சத்தம் போட்டாங்க! ஜன்னல் திறந்தா ஒரு மணி, மூடினா ஒரு மணி. எஃப்விடபிள்யூஎம் ஆடியோன்னு ஒரு மாட்யூல். அப்புறம் யாருக்கோ, சத்தம்தான் போடணுமா, எந்தக் கட்டளையை வேணும்னாலும் ஓட்டலாமேன்னு தோணியிருக்கு. அது எஃப்விடபிள்யூஎம் ஈவன்ட் ஆச்சு. நிகழ்ச்சிப் பேரை இடப்பக்கம் எழுது, செய்ய வேண்டியதை வலப்பக்கம் எழுது. ஆட் விண்டோ, டெஸ்ட்ராய் விண்டோ, ஃபோகஸ் சேஞ்ச், ஐகனிஃபை, நியூ டெஸ்க், இப்படி ஒரு பட்டியல். நான் 2004-ல் ஃபோகஸ் சேஞ்சுக்கு எதிரே எழுதின நாலு வரிதான் அந்தத் தமிழ் மாற்று வித்தை.

அதுக்கு முன்னாடி ஒரு அசட்டுத்தனம் பண்ணினதையும் சொல்லிடறேன். புது ஜன்னல் வந்தா எனக்குத் தெரியணும்னு, ஆட் விண்டோவுக்கு எதிரே 'எக்ஸ்மெசேஜ்'னு எழுதினேன். எக்ஸ்மெசேஜ் என்ன பண்ணும்? ஒரு ஜன்னலைத் திறந்து சேதி காட்டும். ஜன்னல் திறந்தா? இன்னொரு எக்ஸ்மெசேஜ். ரத்தபீஜன் கதைதான் போங்க. திரை நிறைஞ்சு, மெமரி நிறைஞ்சு, கடைசியில பவர் பட்டனைப் பிடிச்சு அமுக்க வேண்டியதாப் போச்சு.

1999-ல் ஜான் ஹார்ப்பர் எழுதின சாஃபிஷ் இன்னும் ஒரு படி மேல. பெரும்பாலும் லிஸ்ப். ஜன்னல் சேர்வதற்கு முன்னால், சேர்ந்த பின்னால், ஃபோகஸ் வரும்போது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ஹுக்'. தூண்டிலில் மாட்டுற மாதிரி உங்க நிரலை அதில் மாட்டி விடலாம். க்னோமின் விண்டோ மேனேஜரா இது கொஞ்ச காலம் இருந்தது. 2003-ல் க்னோம் 2.2 வந்தப்போ அந்த இடம் மெட்டாசிட்டிக்குப் போச்சு. இது சுவாரசியமே இல்லாத விண்டோ மேனேஜர்னு அதை எழுதின ஹேவக் பென்னிங்டனே பெருமையா சொல்லிக்கிட்டார். சராசரி ஆளுக்கு அது நல்லதுதான். ஆனா ஹுக் எல்லாம் காலி. நம்ம மாதிரி ஆளுங்க புலம்பினோம்.

புலம்பாம வேலை பார்த்தவர் ராஸ் பர்ட்டன். 'டெவில்ஸ் பை'ன்னு ஒரு சின்ன நிரல் எழுதினார். விண்டோ மேனேஜரைத் தொடவே இல்லை. திண்ணையில உட்கார்ந்து தெருவைப் பார்க்கும். இந்தப் பேருள்ள ஜன்னல் வந்தா மூணாவது டெஸ்க்டாப்புக்குத் தள்ளு, அந்த ஜன்னல் வந்தா பெருசாக்கு, அவ்வளவுதான். மெட்டாசிட்டி கொடுக்க மறுத்ததை வெளியாள் ஒருத்தர் கொடுத்தார். கொடுக்க முடிஞ்சதுக்குக் காரணம் அன்னிக்கு எடுத்த அந்த முடிவு. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இது.

விண்டோஸ் பக்கமும் இது உண்டு. 1992-ல் வந்த 3.1-லேயே ஜன்னல் பிறக்கறது, சாகறது, இடம் மாறுறது எல்லாத்தையும் சொல்ற ஹுக் இருந்தது. அதோட பேர் 'சிபிடி'. விரிச்சா கம்ப்யூட்டர் வழிப் பயிற்சி! கத்துக்குட்டிக்குப் பாடம் நடத்தற நிரல்களுக்காக வெச்ச கதவு. அப்புறம் அந்த வழியா யார் யாரோ நுழைஞ்சாங்க.

நான் பிறகு எஃப்விடபிள்யூஎம்-ஐ விட்டு கேடிஈக்கு மாறினேன். அப்பவும் என் வித்தை சாகலை. இப்போ எந்த ஜன்னல் முன்னால இருக்குங்கறதை ரூட் ஜன்னல் மேல எழுதி வைக்கணும்னு விண்டோ மேனேஜர்காரங்க பொதுவா ஒரு ஒப்பந்தம் வெச்சிருந்தாங்க. எக்ஸ்ப்ராப் நிரலை 'ஸ்பை'ங்கற கொடியோட ஓட்டினா, எழுத்து மாறும்போதெல்லாம் ஒரு வரி துப்பும். அதைப் பிடிச்சு பத்து வரி ஷெல் ஸ்கிரிப்ட். முடிஞ்சது ஜோலி. ஸ்பைன்னா ஒற்றன். அந்தப் பேரை அன்னிக்கே கொஞ்சம் யோசிச்சிருக்கணும்.

ஏன்னா திண்ணையில நல்லவன் மட்டுமா உட்காருவான்? எக்ஸில் ஓடுற எந்த நிரலும் இன்னொரு ஜன்னலில் நீங்க தட்டுற பாஸ்வேர்டைப் படிக்கலாம், திரையைப் படம் பிடிக்கலாம். 1996-ல் பாதுகாப்புக்குன்னு ஒரு நீட்சி சேர்த்தாங்க, சீந்துவார் இல்லை. 2008-ல் ரெட் ஹேட்டில் இருந்த கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் வேலண்டைத் தொடங்கினப்போ திண்ணையையே இடிச்சுட்டாங்க. அங்கே வரையறவரும் விண்டோ மேனேஜரும் ஒரே ஆள், கம்பாசிட்டர். ஒரு ஜன்னலுக்குப் பக்கத்து ஜன்னல் இருக்கறதே தெரியாது. அட, திரையில தான் எங்கே நிக்கறோம்னுகூடத் தெரியாது. ஃபிளாட் வாழ்க்கை. 2016-ல் ஃபெடோரா 25 இதையே இயல்பாக்குச்சு, மத்தவங்க பின்னாடியே வந்தாங்க. என் புது லினக்ஸும் அப்படித்தான். என் பத்து வரி செத்த காரணம் இதுதான்.

தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. வங்கிக் கணக்கையும் அதே திரையிலதான் திறக்கறேன். ஆனா வேடிக்கை பார்க்கற உரிமை கம்பாசிட்டர் எழுதறவங்க கைக்குப் போயிடுச்சு, அதுல ஆளுக்கொரு மனசு. ஐ3-இன் பேச்சுமொழியை அப்படியே எடுத்துக்கிட்ட ஸ்வே, ஜன்னல் சேதியை ஜேசானா தருது. க்னோமில் நீட்சி எழுதணும். கேடிஈயின் கேவின்னில் ஜாவாஸ்கிரிப்ட்.

நான் கேடிஈ என்பதால கேவின் வழி. ஜன்னல் வாரியா விசைப்பலகையை நினைவு வெச்சுக்கற வசதி அதுலேயே இருக்கு, ஆனா புதுசா திறக்கற ஜன்னலுக்கு அது ஆகலை. பழைய உதாரணத்தைப் பார்த்து 'கிளையன்ட் ஆக்டிவேட்டட்'னு எழுதி ஒரு மணிநேரம் முழிச்சேன். 2024-ல் வந்த பிளாஸ்மா 6-ல் கிளையன்ட் எல்லாம் விண்டோன்னு பேர் மாறிடுச்சாம். மாத்தினதும் ஓடுச்சு. முன்னால வந்த ஜன்னலோட வகுப்புப் பேரைப் பார்க்கும், டிபஸ் வழியா விசைப்பலகையை மாத்தும். பன்னிரண்டு வரி. இந்தப் பதிவை அதை வெச்சுத்தான் தட்டறேன்.

தங்கமணி லேப்டாப்பில் க்னோம். அதுக்கு வேற எழுதணும். இந்த ஞாயித்துக்கிழமை உட்காரணும்.