குளத்தொடரும் தரவுப் படியும்

மன்னார்ப் பெருநிலப்பரப்பிலுள்ள கட்டுக்கரைக்குளம் தனித்து நிற்கும் நீர்நிலை அன்று. அருவியாற்றின் நீரைத் தேக்கம் அணை மறித்து, வாய்க்கால் வழியே பெருங்குளத்துக்கு அனுப்புகின்றது. பெருங்குளத்து நீர் கீழேயுள்ள சிறுகுளங்களை நிரப்பி, அவற்றின் வழியே வயல்களைச் சேர்கின்றது. வயலுக்கு நீர் வேண்டும் உழவன் ஆற்றைத் தேடிச் செல்வதில்லை; தன் ஊர்க்குளத்துத் துருசையே நாடுகின்றான். வேண்டப்படும் பொருளை வேண்டுவோருக்கு அண்மையிலேயே சேமித்து வைத்தல் என்னும் இத்தத்துவம், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கணினியியலறிஞர் எதிர்கொண்ட ஒரு பெரும் பிரச்சினைக்கும் விடையாயிற்று.

பல நாடுகளிலுள்ள கணினிகளை ஒன்றிணைத்து, மின்சாரம் போலக் கணிப்பாற்றலை வழங்குவதே கிறிட் கணிமையின் நோக்கமாகும். இயன் பொஸ்ரர், கார்ல் கெசல்மன் ஆகியோர் 1998 ஆம் ஆண்டில் பதிப்பித்த நூல் இக்கருத்தை உலகறியச் செய்தது. ஜெனீவாவிலுள்ள சேர்ண் ஆய்வுநிலையம் அமைத்து வந்த துகள் மோதுவியானது ஆண்டொன்றுக்குச் சுமார் 15 பெற்றாபைற்றுத் தரவைத் தரும் என மதிப்பிடப்பட்டிருந்தது. ஒரு பெற்றாபைற்று பத்து இலட்சம் கிகாபைற்றுக்குச் சமமாகும். இத்துணைத் தரவையும் ஓரிடத்தில் வைத்து உலகத்து ஆய்வாளர் அனைவரையும் அங்கே வரச்செய்தல் இயலாத காரியம். எனவே படிநிலை அமைப்பொன்று வகுக்கப்பட்டது. மூலத்தரவு ஜெனீவாவில் இருக்கும். அதன் இரண்டாவது படியை முதனிலை மையங்கள் தமக்குள் பகிர்ந்து காக்கும். அவற்றின் கீழுள்ள இரண்டாம்நிலை மையங்கள் ஆய்வுக்கு வேண்டியவற்றைப் பெறும். மும்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் கல்கத்தாவிலுள்ள சைக்கிளத்திரன் மையமும் இவ்விரண்டாம் நிலையைச் சேர்ந்தவை.

எத்தரவை, எப்பொழுது, எங்கே படியெடுத்து வைப்பது என்பதே அடுத்து எழுந்த வினா. கவிதா இரங்கநாதனும் பொஸ்ரரும் 2001 ஆம் ஆண்டில் இவ்வினாவை ஆராய்ந்து, பல உபாயங்களைப் பாவனைச் சோதனைகளால் ஒப்பிட்டனர். அவற்றுள் இரண்டு ஈண்டுக் கருதத்தக்கவை. ஒன்று விரைவுப் பரப்பல்: கோப்பொன்று கேட்டவரை நோக்கிச் செல்லும் வழியிலுள்ள ஒவ்வொரு மையத்திலும் அதன் படி தங்கிவிடும். மற்றையது அடுக்கு வழிவு: ஒரு கோப்புக்கான வேண்டுகை குறித்த எல்லையைக் கடந்ததும், அதன் படி அடுத்த கீழ்நிலைக்கு இறங்கும். பின்னதை விளக்க, மேற்றட்டு நிரம்பிக் கீழ்த்தட்டுக்கு வழியும் நீரூற்றை அவர்கள் உவமையாகக் கூறினர். கட்டுக்கரையின் குளத்தொடரை அறிந்தவருக்கு அவ்வுவமை புதியதன்று. வேண்டுகைகள் ஒழுங்கின்றி எழும்போது விரைவுப் பரப்பலும், ஒரு பகுதியினர் ஒரே வகைக் கோப்புகளை நாடும்போது அடுக்கு வழிவும் சிறப்பாகப் பயன்தரும் என்பது அவர்தம் முடிவு.

எனினும் உவமைக்கு ஓர் எல்லை உண்டு. நீரைப் பகிர்ந்தால் பெருங்குளத்து நீர் குறையும். தரவைப் படியெடுத்தால் மூலம் குறைவதில்லை. குறைவது சேமிப்பிடமே. மோதுவி இயங்கத் தொடங்கிய பின்னர், முன்கூட்டியே பரப்பப்பட்ட படிகள் பல எவராலும் வாசிக்கப்படாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தமை அறியப்பட்டது. ஆகவே அட்லஸ் ஆய்வுக்குழு 2010 ஆம் ஆண்டில், வேண்டப்படும் தரவுக்கே மேலதிகப் படிகளை உண்டாக்கும் முறையை மேற்கொண்டது.

படிகள் பெருகும்போது அவை தம்முள் வேறுபடலாம் என்பது மற்றொரு சிக்கல். இதனைத் தமிழர் நன்கறிவர். ஊர்தோறும் ஏடு தேடிய சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்தார். அவர் காலத்துப் பதிப்பாசிரியர் அனைவரையும் வருத்திய பாடபேதம், கணினியியலார் கூறும் படிகளின் முரண்பாடேயாகும். துகளாய்வின் மூலத்தரவு ஒருமுறை எழுதப்பட்டபின் திருத்தப்படுவதில்லை; ஆதலின் அங்கு இச்சிக்கல் பெரிதும் எழவில்லை.

படிகளைத் தொலைவில் வைப்பதன் பயனுக்கு மன்னாரின் வரலாறே சான்றாகும். 1658 ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனியின் அலுவலர் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் படியெடுக்கப்பட்டுப் பத்தாவியாவுக்கும் நெதர்லாந்துக்கும் சென்றன. நிருவாகத்தின் பொருட்டே அது செய்யப்பட்டது. ஆயினும் முத்துக்குளிப்பைப் பற்றி ஆராய்வோர் இன்று ஹேக் நகரிலும் சான்று தேட முடிவது அதனாலேயே. இதற்கு மாறாக, 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது 97,000 இற்கு மேற்பட்ட நூல்கள் அழிந்தன. அச்சுநூலுக்கு வேறிடத்தில் மறுபடி கிடைக்கலாம். படியெடுக்கப்படாத ஏட்டுக்கு அவ்வாய்ப்பில்லை. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005 இல் தொடங்கிய நூலகம் மின்னூலகமும் தமிழ் எழுத்தை எவரும் படியெடுத்துக் காக்கத்தக்க நிலைக்குக் கொணர்ந்தன.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வேண்டுகையைக் கண்டு படியெடுக்கும் உபாயம் விரைவுக்கு ஏற்றது. பாதுகாப்புக்கு அது போதாது. கட்டுக்கரைச் சிற்றூர் ஒன்றின் வயற்கணக்கை நாள்தோறும் ஆயிரம் பேர் கேட்கப்போவதில்லை. கேட்பாரில்லை என்பதற்காக அதனை ஒற்றைப் படியாக விட்டுவிட்டால், கேட்பவன் ஒருவன் வரும் நாளில் அது இல்லாது போகும். சேர்ணின் அமைப்பிலும் இரண்டாவது படி வேண்டுகையை எதிர்நோக்கி வைக்கப்படுவதன்று; இழப்பை எதிர்நோக்கி வைக்கப்படுவது. மாரி பொய்க்கும் ஆண்டை எண்ணியே முன்னோர் குளம் கட்டினர். ஆவணங்களைக் காப்போரும் கொள்ளவேண்டிய நெறி அதுவேயாகும்.