எல்லைக்கோட்டில் ஒரு வரலாற்றுப் பாடம்

புதுச்சேரியின் வடபுறத்தை ஒட்டிய கோட்டக்குப்பம், ஒருகாலத்தில் இரு ஐரோப்பிய ஆட்சிகளின் எல்லையோர ஊர். இப்பக்கம் ஆங்கில ஆட்சி. தெற்கே பிரெஞ்சு ஆட்சி. முன்னது 1947இல் முடிவுற்றது. பின்னது 1954 நவம்பர் 1இல்தான் நடைமுறையில் நீங்கிற்று. இதனைக் கரும்பலகையால் மட்டும் சிறுவர்க்கு உணர்த்துதல் அரிது. விழுப்புரம் வட்டாரத் தெருக்கூத்தோ நல்வழி காட்டுகிறது. அதில் கட்டியங்காரன் வேடதாரிகளை வினவுவான்; அவையோரையும் உரையாடலுக்குள் இழுப்பான். அவ்வாறே பள்ளி முற்றத்தில் ஒரு கோடு கிழித்து, சிறுவரைச் சுங்கக் காவலராகவும் மீனவராகவும் இருபுறமும் நிறுத்தி, அவர்களே வினவி விடை காணச் செய்யலாம்.

ஆயினும், கிறிஸ்தவராகிய நாம் தவிர்க்கலாகாத காட்சி ஒன்றுண்டு. 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட காலத்தில், ஆளுநர் டூப்ளேயின் கீழ் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அதில் இயேசு சபைக் குருமார்க்கிருந்த பங்கினை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிவுசெய்துள்ளார். 1761இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயரோ, அக்குருமாரின் ஆலயத்தையே தகர்த்தனர். ‘அது பிற சபையாரின் செயல்’ என்று நாம் கைகழுவுதல் தகாது.

“ஐயா, நீர் அன்று அங்கிருந்தால் என்ன செய்திருப்பீர்?” எனக் கட்டியங்காரச் சிறுவன் வினவட்டும். போதகராகிய நாமே முதலில் விடைகூறக் கடமைப்பட்டுள்ளோம்.